மார்கழிக் குளிரில் வயிறு வீங்கிய கறிக்கோழிகள்: உடுமலை வட்டாரப் பண்ணை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருப்பூர் மாவட்டம் உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்க்கும் ஒரு குடும்பத்தின் பண்ணையில், ஒரு மார்கழி, தை பருவத்தில் நடந்ததை, அங்கே அழைக்கப்பட்ட கால்நடை மருத்துவராக இங்கே பதிவு செய்கிறேன். கணவனும் மனைவியுமாகவே அவர்கள் வேலை முழுவதையும் பார்த்துக்கொள்கிறார்கள். குஞ்சு, தீவனம், மருந்து, மேற்பார்வையாளர் ஆகியவை நிறுவனத்தின் பொறுப்பு. கொட்டகை, ஆள், மின்சாரம், தரையில் பரப்பும் தென்னை நார்க்கழிவு, குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் எரிபொருள் ஆகியவை பண்ணையாளரின் பொறுப்பு. ஒரு பேட்ச் (ஒரே நேரத்தில் இறக்கி வளர்க்கும் கோழித் தொகுதி) முடிந்து கோழிகளைச் சந்தைக்கு ஏற்றிய பிறகு, உயிர் எடை, இறப்பு, தின்ற தீவனம் ஆகியவற்றைக் கணக்கிட்டு வளர்ப்புக் கூலி தரப்படும். பல்லடம், பொங்கலூர், உடுமலைப் பகுதிகளில் பெரும்பாலான பண்ணைகள் இந்த ஏற்பாட்டில்தான் நடக்கின்றன. எந்தச் செலவு யாருடையது என்பது பின்னால் எடுக்கப்பட்ட சில முடிவுகளுக்கு நேரடிக் காரணமாக இருந்ததால் அதை முதலிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது.

பண்ணையில் கிழக்கு மேற்காக நீண்ட இரண்டு கொட்டகைகள் இருக்கின்றன. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு: 25 அடி அகலம், 140 அடி நீளம். பழைய கொட்டகைக்கு ஓட்டுக் கூரை. புதியதற்குச் சிமெண்ட் அட்டை. இரண்டிலும் ஒரே நாளில், ஒரே பொரிப்பகத்திலிருந்து வந்த குஞ்சுகள், கொட்டகைக்கு 3,000 வீதம் இறக்கப்பட்டன. தீவனம் ஒரே லாரியில் வந்தது. குடிநீர் ஒரே ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஏறி, ஒரே தொட்டியிலிருந்து இரண்டு கொட்டகைகளின் நிப்பிள் குழாய்களுக்கும் (கோழி கொத்தினால் நீர் சொட்டும் முனைகள் கொண்டவை) இறங்கியது. இவ்வளவு ஒற்றுமை இருந்தும் ஒரு கொட்டகையில் மட்டும் இறப்பு இரண்டு மடங்குக்கு மேல் போனதுதான் இந்த நிகழ்வைப் பதிவு செய்யத் தகுந்ததாக்குகிறது.

முதல் வாரம்

குஞ்சுகள் வந்தது மார்கழியின் தொடக்கத்தில். அந்த நாட்களில் இரவு வெப்பநிலை 17, 18 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியிருந்தது. பொரித்து ஒரு நாளான குஞ்சால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள இயலாது. அது நிற்கும் மட்டத்தில் 32 முதல் 34 டிகிரி இருக்க வேண்டும், பிறகு வாரத்துக்கு ஏறத்தாழ மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். புதிய கொட்டகையில் பண்ணையாளர் முந்தைய ஆண்டு வாங்கிய கேஸ் புரூடர், அதாவது குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் எரிவாயு அடுப்பு, இருந்தது. பழைய கொட்டகைக்கு அது எட்டவில்லை. அங்கே மின்விளக்குகளையும், அவை போதாத இரவுகளில் மண்சட்டிகளில் மூட்டிய கரியையும் நம்பியிருந்தார்கள். மூன்றாம் இரவு பல மணி நேரம் மின்சாரம் இல்லை. அன்று சட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டி, சூடு வெளியே போகாதிருக்கப் பக்கப் படுதாக்களை மேலிருந்து தரை வரை முழுவதுமாக இறக்கிக் கட்டினார்கள். அதன் பிறகும் படுதாக்கள் ஏறக்குறைய இரண்டு வாரம் இரவில் முழுவதும் மூடியே இருந்தன. பகலிலும் ஓரளவே ஏற்றப்பட்டன.

தெர்மாமீட்டர் தூணில், ஆள் நின்று பார்க்கும் உயரத்தில் தொங்கியது. அது காட்டிய அளவு சரியாகவே இருந்தது. ஆனால் குஞ்சு வாழ்வது தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில். ஈரம் ஏறிய நார்க்கழிவின் மேல் அங்கே பல டிகிரி குறைவாக இருந்திருக்க வேண்டும். குஞ்சுகள் சட்டிகளைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடைந்ததையும், விடாமல் கத்தியதையும் பண்ணையாளரின் மனைவி அன்றே கவனித்துக் கணவரிடம் சொல்லியிருக்கிறார். குளிர்பட்ட குஞ்சுகள் என்று மேற்பார்வையாளர் சரியாகவே அடையாளம் கண்டார். அவை தேறுவதற்காகப் பழைய கொட்டகையின் தண்ணீரில் மட்டும் எலக்ட்ரோலைட் தூள் (சோடியம் முதலிய உப்புகளின் கலவை) கலக்கச் சொன்னார். முதலில் சில நாட்களுக்கு என்று தொடங்கியது இரண்டாம் வாரம் முடியும் வரை நீண்டது.

அந்த வாரத்தில் பழைய கொட்டகையில் 50 குஞ்சுகளும் புதியதில் 30 குஞ்சுகளும் இறந்தன. வித்தியாசம் யாரையும் கலங்க வைக்கும் அளவில் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு வாரங்கள் இரண்டு கொட்டகைகளும் ஒன்றுபோலவே தோன்றின. கோழிகள் நன்றாகத் தின்றன, எடையும் ஏறியது.

நான்காம் வாரத்தில் தெரிந்தவை

24-ஆம் நாளிலிருந்து பழைய கொட்டகையில் நாளொன்றுக்கு ஆறு, ஏழு கோழிகள் சாகத் தொடங்கின. சில கோழிகள் கூட்டத்திலிருந்து விலகிச் சிறகு சிலிர்த்து நின்றன. கொண்டை செந்நிறம் மங்கி நீலம் பாய்ந்திருந்தது. வெயில் இல்லாத காலை வேளையிலும் வாய் திறந்து மூச்சு வாங்கின. காதருகே வைத்துக் கேட்டால் களகளவென்ற ஓசை கேட்டது. மூச்சிரைப்பும் ஓசையும் சேர்ந்து தெரிந்ததால், மேற்பார்வையாளரும் பண்ணையாளரும் இதைச் சளி நோய் என்று எடுத்துக்கொண்டு தண்ணீரில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். இந்தப் பகுதியில் குளிர்காலச் சளி நோய் வழக்கமானது என்பதால் அந்த முடிவை ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. ஆனால் மருந்து தொடங்கிய பிறகும் இறப்பு கூடிக்கொண்டே போனது. “சளின்னுதாங்க மருந்து வெச்சோம், ஒண்ணும் கேக்கலீங்க டாக்டர், இப்ப வயிறு வேற ஊதுதுங்க” என்று பண்ணையாளர் அழைத்தபோது கோழிகளுக்கு 27 நாள் வயது.

கொட்டகைக்குள் நுழைந்தவுடன் கண் எரிந்தது. மனிதர் மூக்கில் அம்மோனியா தெளிவாக உறைக்கும்போது அது பெரும்பாலும் 20, 25 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் அத்தனை பங்கு) அளவைத் தொட்டிருக்கும். இந்த அளவில் மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் கெடத் தொடங்கும். நார்க்கழிவு நிப்பிள் வரிசையின் கீழ் கட்டி தட்டியிருந்தது. நோயுற்ற கோழிகள் பெரும்பாலும் சேவல்களாகவே இருந்தன. வயிறு தொங்கி, அதன் தோல் சிவந்து பளபளத்தது. கையால் ஒரு பக்கம் தட்டினால் மறுபக்கம் நீர் அலையாக மோதுவதை உணர முடிந்தது. அவற்றைத் துரத்தக் கூடாது. ஓரிரண்டு பிடித்தவர் கையிலேயே உயிர் விட்டன. இறந்து கிடந்தவற்றில் பெரும்பாலானவை வயிற்றின் மேல் குப்புறக் கிடந்தன. இரண்டு மட்டும் நல்ல சதைப்பிடிப்போடு மல்லாந்து கிடந்தன. இந்தக் கிடக்கை வேறுபாடு சிறியதாகத் தெரியலாம். ஆனால் எந்தச் சாவு எந்த நோயால் என்று பிரிப்பதற்குப் பண்ணையிலேயே கிடைக்கும் முதல் தடயம் அது.

அறுத்துப் பார்த்ததில்

அன்று இறந்தவையும், பிழைக்க வழியில்லாததால் கொல்லப்பட்டவையுமாகப் பதினொரு கோழிகளை அறுத்துப் பார்த்தேன். எட்டுக் கோழிகளின் வயிற்றில் தெளிந்த மஞ்சள் நிற நீர் இருந்தது. சிலவற்றில் கால் லிட்டருக்குக் குறையாமல் வந்தது. நீரோடு இளகிய கஞ்சிக் கட்டி போன்ற ஃபைப்ரின் (இரத்தத்தை உறையவைக்கும் புரதம்) திரள்களும் இருந்தன. கல்லீரல் வீங்கி, ஓரங்கள் மழுங்கி, சிலவற்றில் மேலே சாம்பல் நிறப் படலம் பூத்திருந்தது. நுரையீரல் இரத்தம் கட்டி ஈரமாக இருந்தது. இதயம் பெருத்துத் தளர்ந்திருந்தது.

முடிவைத் தீர்மானித்தது இதயம்தான். அதைக் குறுக்கே வெட்டினால், நல்ல கோழியில் இடது கீழறையின் சுவர் தடித்தும், வலது கீழறையின் சுவர் மெல்லிய படலம் போல இடதை அணைத்தும் தெரியும். இவற்றில் வலது சுவரும் தடித்து, அறை அகன்று திறந்தே நின்றது. வலது கீழறையைப் பிரித்தெடுத்து எடை போட்டு, அதை இரண்டு கீழறைகளின் மொத்த எடையால் வகுத்தால் நல்ல கோழியில் 0.25-க்குள் அடங்கும். 0.30-ஐத் தாண்டுமானால் நுரையீரலுக்குப் போகும் இரத்தத்தின் அழுத்தம் நெடுநாளாக உயர்ந்திருந்தது என்று பொருள். வயிற்றில் நீர் இருந்த எட்டிலும் இது 0.34-க்கு மேல் வந்தது. இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும்: வயிற்றில் சொட்டு நீர்கூட இல்லாத, பார்வைக்கு நல்ல நிலையில் இருந்த ஒரு கோழியிலும் அது 0.31 ஆக இருந்தது. அந்தக் கோழிக்குத் தொடை எலும்பின் தலை நொறுங்கியிருந்ததால் நடக்க முடியாமல் கொல்ல நேர்ந்தது. அதன் இதயம் நோயின் பாதி வழியில் இருந்தது. மல்லாந்து கிடந்த இரண்டிலும் இரைப்பை நிறையத் தீவனம் இருந்தது, பித்தப்பை காலியாக இருந்தது, வேறு குறை எதுவும் இல்லை. இது வேகமாக வளரும் சேவல்களில் காணப்படும் திடீர் இறப்பு; இதயத் துடிப்பின் ஒழுங்கு கெட்டு நொடிகளில் முடிந்துவிடும்.

விலக்கப்பட்ட மற்றக் காரணங்கள்

நீர்கோத்த கோழியைப் பார்த்தவுடன் இந்தப் பகுதிப் பண்ணையாளர்கள் அஞ்சுவது அடினோ வைரஸால் வரும் இதய உறை நீர்கோப்பு நோய்க்குத்தான். 1987-இல் கராச்சிக்கு அருகே அங்காரா என்ற இடத்தில் முதலில் அறியப்பட்டு, 1990-களில் இந்தியாவுக்கும் வந்த நோய் அது. இதயத்தைச் சுற்றிய உறையில் நீர் கோத்து, உரித்த லிச்சிப் பழம் போலத் தெரிவதால் வட இந்தியாவில் லீச்சி நோய் என்றே அழைக்கப்பட்டது. அதில் நீர் முதன்மையாக இதய உறையில் இருக்கும், கல்லீரல் வெளிறிப் புள்ளி புள்ளியாக அழுகியிருக்கும், இறப்பு ஓரிரு நாளில் செங்குத்தாக ஏறும். இங்கே இதய உறையில் இருந்த நீர் சிறிதளவே. இறப்பும் மெல்ல மெல்லத்தான் ஏறியது. தொற்று நோயாக இருந்திருந்தால், ஒரே ஆட்கள் ஒரே செருப்போடு போய்வரும் அடுத்த கொட்டகை தப்பியிருக்க வாய்ப்பு குறைவு.

பூஞ்சை நஞ்சும் கல்லீரலைக் கெடுத்து நீர் கோக்கச் செய்யும். ஆனால் தீவனம் இரண்டு கொட்டகைகளுக்கும் ஒன்றே. நுரையீரலில் பூஞ்சைக் கட்டிகள் எதுவும் இல்லை. எனினும் கல்லீரல், தீவனம், தண்ணீர் ஆகியவற்றின் மாதிரிகளை நாமக்கல்லில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அடினோ வைரஸ் இல்லை என்றும், பூஞ்சை நஞ்சான அஃப்ளடாக்ஸின் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறது என்றும் பின்னர் முடிவு வந்தது. தண்ணீரில் கரைந்திருந்த உப்புகள் மிகுதியாகவும், சோடியம் லிட்டருக்கு 400 மில்லிகிராமை ஒட்டியும் இருந்தன. முடிவுகளுக்காகக் காத்திராமல், நுரையீரல் இரத்த அழுத்தத்தால் வந்த வயிற்று நீர்கோப்பு என்று முதல் நாளே தீர்மானித்துச் செயல்பட்டோம்.

நோய் உருவான விதம்

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளின் கறிக்கோழி இனங்களை ஒரே தீவனத்தில் ஒன்றாக வளர்த்துப் பார்த்தார்கள். 2014-இல் வெளியான அந்த ஆய்வில் 56-ஆம் நாளில் அவற்றின் சராசரி எடை முறையே 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். சதை நான்கு மடங்குக்கு மேல் பெருகியது. அந்தச் சதைக்கு ஆக்சிஜன் கொடுக்க வேண்டிய நுரையீரல் அதே வேகத்தில் வளரவில்லை. மேலும் பறவையின் நுரையீரல் நம்முடையதைப் போல விரிந்து சுருங்குவதில்லை; விலா எலும்புகளோடு ஒட்டிய இறுகிய உறுப்பு அது, காற்றை இழுத்துத் தள்ளும் வேலையைக் காற்றுப் பைகள் செய்கின்றன. அதனால் இரத்த ஓட்டம் கூடும்போது நுரையீரலின் நுண்குழாய்கள் விரிந்து இடம் கொடுப்பதில்லை, அழுத்தம்தான் கூடுகிறது. அந்த அழுத்தத்துக்கு எதிராக இரத்தத்தைத் தள்ளி வலது கீழறையின் சுவர் தடிக்கிறது. பறவைகளில் வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வு தசையால் ஆனது என்பதால் அதுவும் சேர்ந்து தடித்து, சரியாக மூடாமல் போகிறது. இரத்தம் பின்னோக்கித் தேங்குகிறது, கல்லீரல் வீங்குகிறது, அதன் மேற்பரப்பிலிருந்து கசியும் நீர் வயிற்றில் சேர்கிறது. வயிற்று நீர், கதையின் கடைசிப் பகுதி மட்டுமே.

இந்த நோய் முதலில் பொலிவியா, பெரு, மெக்சிகோ போன்ற நாடுகளின் உயர்ந்த மலைப்பகுதிகளில், காற்றில் ஆக்சிஜன் குறைந்த இடங்களில்தான் தெரிந்தது. இனங்களின் வளர்ச்சி வேகம் கூடக் கூடச் சமவெளிக்கும் இறங்கியது. உடுமலைப்பேட்டை கடல் மட்டத்துக்கு 400 மீட்டர்கூட உயரமில்லை. ஆனால் முழுவதும் மூடிய படுதாவும், உள்ளேயே எரிந்த கரியும், அம்மோனியாவும் சேர்ந்து அந்தக் கொட்டகைக்குள் ஒரு மலையின் காற்றை உண்டாக்கிவிட்டன என்றே சொல்ல வேண்டும். எரியும் கரி ஆக்சிஜனை உண்பதோடு நிற்பதில்லை. அது விடும் கார்பன் மோனாக்சைடு இரத்தச் சிவப்பணுக்களில் ஆக்சிஜனுக்குரிய இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. அதே வேளையில், தரையின் குளிரைத் தாங்க உடலைச் சூடாக்கும் முயற்சியில் குஞ்சுகளின் ஆக்சிஜன் தேவை கூடியது. தேவை கூடிய அந்த நாட்களிலேயே வரத்தும் குறைந்தது.

உவர் தண்ணீரில் கலந்த எலக்ட்ரோலைட் தூள் இதற்கு மேலும் சுமை ஏற்றியது. சோடியம் மிகுந்தால் உடல் நீரைப் பிடித்து வைக்கிறது, இரத்தத்தின் கன அளவு கூடுகிறது, வலது இதயத்தின் வேலை கூடுகிறது. புதிய கொட்டகைக் கோழிகளும் அதே உவர் தண்ணீரைத்தான் குடித்தன. ஆனால் அவற்றுக்குத் தூள் இல்லை, குளிர் இல்லை, மூடிய படுதாவும் இல்லை. ஆகவே தண்ணீர் மட்டுமே காரணமாக இருந்திருக்க முடியாது. காற்றும் சூடும் முதன்மை, உப்பு துணை என்ற வரிசையில்தான் இதைப் பார்க்கிறேன்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

ஆன்டிபயாட்டிக்கை அன்றே நிறுத்தினோம். கிருமி இல்லாத நோய்க்கு அது பயன்படாது; அதோடு இன்னும் பத்துப் பதினைந்து நாளில் சந்தைக்குப் போகும் கோழிக்கு மருந்து கொடுத்தால், இறைச்சியில் மருந்து நீங்கும் இடைவெளியைக் காக்க முடியாமல் போகும். கல்லீரல் வீங்கியிருப்பதைக் கேட்ட மேற்பார்வையாளர் கல்லீரல் டானிக் தரலாமா என்றார். கல்லீரல் இங்கே பாதிக்கப்பட்ட உறுப்பே தவிர, பாதிப்பு தொடங்கிய இடம் அன்று என்பதை வெட்டிய இதயத்தைக் காட்டி விளக்கிய பிறகு அவர் அதை வற்புறுத்தவில்லை. நீர் பிரிய வைக்கும் மருந்தையும் தவிர்த்தோம். தடித்த இதயத்தை அது திருப்பாது, ஆயிரக்கணக்கான கோழிகளுக்குத் தண்ணீரில் கொடுத்தால் நல்ல கோழிகள் வறண்டு போகும்.

வயிறு வீங்கி மூச்சு வாங்கும் கோழிகளைத் தேடி எடுத்துக் கழுத்தெலும்பைப் பிரித்து உடனே கொல்வதென்று முடிவு செய்தோம். அவை பிழைக்கப்போவதில்லை, நாட்கணக்கில் மூச்சுத் திணறிச் சாவதை அவற்றுக்கு மிச்சப்படுத்துவது நம் கடமை. பண்ணையாளரின் மனைவிக்கு இது மிகவும் கடினமாக இருந்தது; முறையாகச் செய்யக் கற்றுக்கொடுத்த பிறகு அந்த வேலையைக் கணவர் ஏற்றுக்கொண்டார். அப்படிப்பட்ட கோழிகளைக் குறைந்த விலைக்குக் கேட்டு வருபவர்கள் உண்டு. எதையும் விற்கவோ கொடுக்கவோ கூடாது என்று உறுதியாகச் சொல்லி, கிணற்றுக்கு எட்டத்தில் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்கச் செய்தோம்.

படுதாவின் மேல் பகுதியை இரவும் பகலும் ஓர் அடி திறந்து வைக்கச் சொன்னதுதான் பெரிய விவாதத்துக்கு இடமானது. குளிர் அடிக்குமே என்ற பண்ணையாளரின் அச்சம் நியாயமானது. கோழி விடும் ஈரமும் அம்மோனியாவும் வெளியேற மேலே வழி வேண்டும், காற்று நேரடியாகக் கோழியின் மேல் படாமல் கீழே மறைப்பு வேண்டும், சூடு தேவைப்பட்டால் அதை எரிபொருளால் கொடுக்க வேண்டும் என்று விளக்கினோம். படுதாவை மூடுவதால் சூடு உண்டாவதில்லை. கோழிகள் தங்கள் உடலிலிருந்து விடும் சூடுதான் உள்ளே தேங்குகிறது, அதற்கான தீவனத்தையும் ஆக்சிஜனையும் அவைதான் செலவிடுகின்றன. கரிச் சட்டிகளை எடுத்துவிட்டு, புதிய கொட்டகையில் வேலை முடிந்திருந்த கேஸ் புரூடரைப் பின்னிரவு மணிகளுக்கு மட்டும் பழைய கொட்டகைக்கு மாற்றினோம். கட்டி தட்டிய நார்க்கழிவை அள்ளிவிட்டு உமி பரப்பினோம். எலக்ட்ரோலைட் தூள் இரண்டு வாரம் முன்பே நின்றிருந்தது. குடிநீருக்கு லாரியில் நல்ல தண்ணீர் வாங்கி ஆழ்துளைத் தண்ணீரோடு கலந்தோம்.

வளர்ச்சியின் வேகத்தைச் சிறிது தணிக்க வேண்டும் என்பது கடைசி முடிவு. இந்தப் பகுதியில் கோழி இடைவிடாமல் தின்பதற்காக இரவு முழுவதும் விளக்கெரிப்பது வழக்கம். இரவு பத்து மணி முதல் மூன்று மணி வரை விளக்கை அணைத்து, தீவனத் தட்டுகளை உயர்த்திவிடலாம் என்றேன். எடை குறைந்தால் யார் பொறுப்பு என்று மேற்பார்வையாளர் கேட்டார். அவருடைய வேலையும் அந்த எடையை வைத்தே மதிப்பிடப்படுகிறது. நீர் கோக்காத கோழியிலும் இதயம் பாதி தடித்திருந்ததைக் காட்டி, இன்னும் வெளிப்படாமல் இருப்பவற்றைக் காக்கும் வழி இது ஒன்றுதான் என்று சொன்னபின் நிறுவனத்தோடு பேசி ஒப்புதல் வாங்கினார். பழைய கொட்டகைக் கோழிகளை முதலில் ஏற்றவும் நிறுவனம் சம்மதித்தது.

விளைவு

இறப்பு உடனே குறையவில்லை. முதல் நான்கைந்து நாட்கள் மேலும் ஏறி, ஒரே நாளில் இருபதை நெருங்கியது. கொல்லப்பட்டவையும் இந்தக் கணக்கில் அடங்கும். இது நேரும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்ததால் பண்ணையாளர் மருந்துக் கடையைத் தேடி ஓடவில்லை. இந்த ஒன்றை மற்ற மருத்துவர்களும் கவனத்தில் கொள்ள வேண்டும்: வால்வு கெட்ட கோழிகள் என்ன செய்தாலும் சாகும், அந்தக் கணக்கு தீரும் வரை எந்த மாற்றமும் பலன் தராததுபோலவே தோன்றும். ஐந்தாம் வாரத்தின் நடுவிலிருந்து இறப்பு இறங்கத் தொடங்கியது. ஏற்றும் நாளில் நான்கு, ஐந்து என்ற அளவில் நின்றது.

37-ஆம் நாள் பழைய கொட்டகையும் 40-ஆம் நாள் புதியதும் ஏற்றப்பட்டன. பழையதில் மொத்தம் 267 கோழிகள் இழக்கப்பட்டன. ஏறத்தாழ 9 சதவீதம். புதியதில் 115, 4 சதவீதத்துக்கும் குறைவு. ஒரு கிலோ உயிர் எடைக்குப் பழைய கொட்டகை 1.74 கிலோ தீவனம் எடுத்தது, புதியது 1.62 கிலோ எடுத்தது. விளக்கை அணைத்ததால் எடை குறையும் என்ற அச்சம் பெரும்பாலும் பொய்த்தது. இழப்பு இறப்பாலும் முதல் வாரக் குளிராலும் வந்தது. மல்லாந்து விழும் திடீர் இறப்புகள் இரண்டு கொட்டகைகளிலும் கடைசி வரை ஒன்றிரண்டாக நீடித்தன. பண்ணையாளருக்கு அந்தப் பேட்ச்சில் வளர்ப்புக் கூலி கணிசமாகக் குறைந்தது. எரிபொருளில் மிச்சம் பிடித்த தொகை அந்தக் குறைவோடு ஒப்பிடத் தக்கதே அல்ல.

அதன் பிறகு மாறியவை

அடுத்த பேட்ச் மாசியில் வந்தது. நீர்கோப்பு ஏறக்குறைய இல்லை. அதை நம் திருத்தங்களின் வெற்றியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று பண்ணையாளரிடம் சொன்னேன், ஏனென்றால் குளிரும் போயிருந்தது. உண்மையான சோதனை அடுத்த ஆண்டு மார்கழிதான். அதற்குள் பழைய கொட்டகைக்கும் கேஸ் புரூடர் வாங்கியிருந்தார். குஞ்சு வருவதற்கு முந்தைய நாளே புரூடரை எரியவிட்டு நார்க்கழிவைச் சூடேற்றினார். கொட்டகையின் பாதியை நடுப் படுதாவால் தடுத்து, சூடேற்ற வேண்டிய இடத்தைக் குறைத்தார். தெர்மாமீட்டர் குஞ்சின் முதுகு உயரத்துக்கு இறங்கியது. முதல் இரவுகளில் மணிக்கொரு முறை சில குஞ்சுகளை எடுத்து, அவற்றின் பாதங்களைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை அவர் மனைவி ஏற்றுக்கொண்டார். பாதம் சில்லென்றிருந்தால் தரை குளிர்ந்திருக்கிறது, தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் சூட்டைக் கூட்ட வேண்டும். முதல் வாரத்துக்குப் பிறகு இரவில் விளக்கணைப்பு வழக்கமாயிற்று. எலக்ட்ரோலைட் தூள், தண்ணீரின் சோடியம் அளவைப் பார்க்காமல் கொடுப்பதில்லை என்று மேற்பார்வையாளரும் ஏற்றுக்கொண்டார். அந்த மார்கழிப் பேட்ச்சில் இரண்டு கொட்டகைகளின் இறப்பும் 4 சதவீதத்தை ஒட்டியே நின்றது. நீர் கோத்தவை விரல்விட்டு எண்ணக் கூடியவை.

மாறாதவையும் உண்டு. ஆழ்துளைத் தண்ணீர் அப்படியேதான் இருக்கிறது; லாரித் தண்ணீருக்கு ஆகும் செலவைக் குளிர்கால முதல் இரண்டு வாரங்களுக்கு மேல் அவரால் தாங்க முடிவதில்லை. எரிபொருள் செலவில் நிறுவனம் பங்கேற்க வேண்டும் என்ற கோரிக்கை பேச்சளவிலேயே இருக்கிறது. கேஸ் செலவு பண்ணையாளருடையது, தீவனச் செலவு நிறுவனத்துடையது என்று இருக்கும் வரை, சூட்டில் மிச்சம் பிடிக்கத் தூண்டும் கணக்கு அப்படியே நீடிக்கும். அந்த மிச்சத்தைத் தீவனமாகவும் உயிராகவும் செலுத்துவது கோழி. குளிர்காலப் பேட்ச்சுகளுக்கு மட்டுமாவது எரிபொருளுக்கெனத் தனித் தொகை ஒப்பந்தத்தில் சேர்வது இரு தரப்புக்கும் லாபமாகவே முடியும் என்பது என் துணிபு. இனப்பெருக்க நிறுவனங்கள் 1990-களிலிருந்து தாய்க்கோழி வரிசைகளில் இரத்த ஆக்சிஜன் அளவைப் பார்த்துத் தேர்வு செய்து வருகின்றன. அதனால் இந்த நோய் முன்பை விடக் குறைந்திருக்கிறது. ஆனால் அந்தத் தேர்வு தரும் இடைவெளி சிறியது, மோசமான முதல் வாரம் அதை விழுங்கிவிடும்.

இதே நிகழ்வு மீண்டும் வந்தால் நான் வேறாகச் செய்ய விரும்புவது நேரத்தைப் பற்றியது. வயிறு வீங்குவதற்கு ஒன்று, இரண்டு வாரம் முன்பே வலது இதயச் சுவர் தடித்துவிடுகிறது. ஆகவே இரண்டாம் வாரம் முடிந்ததிலிருந்து, எந்தக் காரணத்தால் இறந்த கோழியானாலும் அதன் இதயத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்துப் பதிவேட்டில் எழுதும்படி இப்போது குளிர்காலப் பண்ணைகள் அனைத்திலும் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு ஒரு பிளேடும் ஐந்து நிமிடமும் போதும். வலது சுவர் தடித்த இதயம் இரண்டு, மூன்று தொடர்ந்து தெரிந்தால், அன்றே படுதா, அம்மோனியா, விளக்கு நேரம், தண்ணீர் ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும். 16-ஆம் நாளில் அவற்றைத் திருத்தினால் காப்பாற்ற முடிகிற கோழிகளை 27-ஆம் நாளில் காப்பாற்ற முடிவதில்லை.